வீட்டுக்கு 60 நாள் நோட்டீஸ் வந்துவிட்டது, பிஎஃப் பணத்தை எடுத்துக் கட்டலாமா?

படப்பைவாசி:
எல்லோருக்கும் வணக்கம். ஒரகடத்தில் வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் 14 வருடம் வேலை பார்த்தேன். போன ஆடியில் ஒரு லைனையே மூடி எங்களை அனுப்பிவிட்டார்கள். கையில் கொடுத்த பணம் தீபாவளி வரைகூட வரவில்லை. தை பிறந்ததும் வேறு இடத்தில் வேலை கிடைத்தது, ஆனால் சம்பளம் 58,000 இருந்த இடத்தில் 32,000. மனைவி தனியார் பள்ளியில் 14,000 வாங்குகிறாள். இரண்டு பிள்ளைகள். எனக்கு வயது 46.

2019-இல் ஒரு ஹவுசிங் ஃபைனான்ஸில் 28 லட்சம் கடன் வாங்கி வீடு கட்டினோம். 20 வருடம், வட்டி 9.5, இஎம்ஐ 26,100. அக்டோபரில் இருந்து 5 தவணை கட்டவில்லை. இப்போது பதிவுத் தபாலில் சர்ஃபேசி சட்டம் (கோர்ட்டுக்குப் போகாமலே அடமானச் சொத்தை எடுக்கும் சட்டமாம்) பிரிவு 13(2) என்று போட்டு நோட்டீஸ் வந்திருக்கிறது. 60 நாளுக்குள் 24 லட்சத்து 20 ஆயிரம் கட்ட வேண்டுமாம், இல்லாவிட்டால் வீட்டை எடுத்துக்கொள்வார்களாம்.

பிஎஃப்பில் 9.4 லட்சம் இருக்கிறது. மச்சான் அத்தனையையும் எடுத்துக் கட்டச் சொல்கிறார். அப்பாவோ, "கிழவனான பிறகு சோற்றுக்கு என்னடா செய்வாய், அதில் கை வைக்காதே" என்கிறார். நோட்டீஸ் வந்ததிலிருந்து வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை:
இதில் யோசிக்க என்ன இருக்கிறது? பிஎஃப்புக்கு வட்டி 8.25. கடனுக்கு நீங்கள் கொடுப்பது 9.5. மொத்தத்தையும் எடுத்து அசலில் போடுங்கள்.

தாம்பரத்து அக்கா:
தம்பி, முதலில் வீட்டில் நகை இருக்கிறதா பாருங்கள். பீரோவில் தூங்குகிற தங்கத்தை அடகு வைத்தால் பிறகு மீட்டுக்கொள்ளலாம். பிஎஃப்பில் எடுத்தது எடுத்ததுதான், அதைத் திரும்பக் கட்ட வழியே கிடையாது. என் வீட்டுக்காரர் மகள் கல்யாணத்துக்கு எடுத்தார். ரிட்டயர் ஆன அன்று கையில் வந்த தொகையைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை.

ஓய்வுபெற்ற மேலாளர்:
படப்பை தம்பி, நிதானமாகப் படியுங்கள். நான் வங்கியில் கடன் வசூல் பிரிவில் இருந்தவன்.

நோட்டீஸில் இருக்கும் 24.2 லட்சத்தைப் பார்த்து மிரள வேண்டாம். அது கடனின் மொத்தப் பாக்கி. தவணை தவறி 90 நாள் தாண்டினால் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும். அதன் பிறகு நோட்டீஸ் அடிக்கும்போது முழுத்தொகையையும் கேட்டுத்தான் அடிப்பார்கள். ஆனால் உங்களை இந்த நிலைக்குக் கொண்டுவந்தது 24 லட்சம் இல்லை, கட்டாமல் விட்ட 5 தவணை. 26,100-ஐ 5-ஆல் பெருக்கினால் 1,30,500. அதோடு அபராதக் கட்டணம் கொஞ்சம்.

இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். ரிசர்வ் வங்கி 2021 நவம்பரில் தெளிவாகச் சொல்லிவிட்டது: வாராக்கடன் ஆன கணக்கு மறுபடி ஒழுங்கான கணக்காக மாற வேண்டுமென்றால் நிலுவையில் உள்ள வட்டியும் அசலும் முழுக்க வந்தாக வேண்டும். ஒரு தவணை கட்டினேன், இரண்டு தவணை கட்டினேன் என்பதெல்லாம் எடுபடாது. இது ஹவுசிங் ஃபைனான்ஸ் கம்பெனிகளுக்கும் பொருந்தும். 5 தவணை பாக்கியில் 4 கட்டினாலும் கணக்கு வாராக்கடன்தான், நோட்டீஸும் உயிரோடுதான் இருக்கும்.

அதனால் இன்றைக்கே கிளைக்குப் போய் "இன்று தேதிக்கு என் கணக்கில் நிலுவை எவ்வளவு, தவணை எவ்வளவு, அபராதம் எவ்வளவு, வழக்குச் செலவு எவ்வளவு" என்று பிரித்து எழுத்தில் கேளுங்கள். போனில் அவர்கள் சொல்லும் தொகையை நம்பிக் கட்டாதீர்கள்.

இன்னொன்று. நோட்டீஸுக்குப் பதில் எழுதுங்கள். 13(3ஏ) பிரிவின்படி நீங்கள் ஆட்சேபம் எழுதினால் 15 நாளுக்குள் அவர்கள் காரணத்தோடு பதில் சொல்லியாக வேண்டும். வேலை போனது, புது வேலை கிடைத்தது, நிலுவையை இந்தத் தேதிக்குள் கட்டுகிறேன் என்று நேராக எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். சண்டை போட வேண்டாம்.

திருப்பூர் நூல்காரன்:
மேலாளர் ஐயா சொன்னது எங்கள் மாமாவுக்கு அப்படியே நடந்தது. பனியன் கம்பெனியில் மேஸ்திரி. ஆர்டர் இல்லாமல் வேலை போனது. பிஎஃப்பை இரண்டு தடவையாக எடுத்தார். கடன் கொடுத்த கம்பெனியின் வசூல் ஆள் வரும்போதெல்லாம் இருபதாயிரம், முப்பதாயிரம் என்று அவர் கையில் கொடுத்துக்கொண்டே வந்தார். ரசீது எல்லாம் இருந்தது. ஆனால் ஒரு தடவைகூட நிலுவை முழுசாகத் தீரவில்லை. மாதா மாதம் புதுத் தவணையும் அதில் சேர்ந்துகொண்டே போனது. கடைசியில் பிஎஃப்பும் காலி, வீடும் ஏலம். இப்போது அவிநாசி ரோட்டில் வாடகை வீட்டில் இருக்கிறார். அந்த வசூல் ஆள் நல்ல மரியாதையாகத்தான் பேசுவான், அதுதான் கொடுமை.

படப்பைவாசி:
ரொம்ப நன்றி ஐயா. 24 லட்சம் என்று பார்த்ததும் வேறு எதுவும் தோன்றவில்லை. நூல்காரன் அண்ணே, எங்கள் வீட்டுக்கும் இப்படித்தான் ஒருவர் வருகிறார், "இப்போதைக்கு 30 போடுங்க சார், மேலே பேசிக்கிறேன்" என்று. ராத்திரி ஒன்பது மணிக்கும் போன் வருகிறது.

ஓய்வுபெற்ற மேலாளர்:
காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் வசூல் அழைப்பு கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. அழைப்பு வந்த நேரத்தைக் குறித்து வைத்து, கிளைக்கு எழுதும் கடிதத்தில் அதையும் ஒரு வரி சேருங்கள். அந்த ஆளிடம் பணமாக எதுவும் கொடுக்க வேண்டாம், கடன் கணக்குக்கு நேராகச் செலுத்துங்கள்.

பிஎஃப் ஆலோசகர்:
பணம் எடுக்கும் வேலையைப் பற்றி நான் சொல்கிறேன், இதுதான் என் தொழில்.

பழைய விதியில் வீட்டுக்கடனை அடைக்க எடுப்பது 68பிபி என்ற பத்தியின் கீழ். 10 வருட உறுப்பினராக இருக்க வேண்டும், 36 மாதச் சம்பளம் வரை. சம்பளம் என்றால் அடிப்படையும் பஞ்சப்படியும் மட்டும், கையில் வாங்கும் மொத்தம் இல்லை. உங்களுக்கு 14 வருடம் இருப்பதால் இதிலேயே தகுதி இருக்கிறது. 2025 அக்டோபர் 13-ஆம் தேதி பிஎஃப்பை நிர்வகிக்கும் மத்திய அறங்காவலர் குழு, பணம் எடுப்பதற்கான 13 வகைக் காரணங்களையும் மூன்றாகச் சுருக்க முடிவெடுத்தது: அத்தியாவசியத் தேவை, வீடு, சிறப்புச் சூழல். எல்லாவற்றுக்கும் 12 மாதச் சேவை போதும், கணக்கில் 25 சதவீதம் எப்போதும் இருக்க வேண்டும் என்பது அதில் உள்ளது. அதனால் 9.4 லட்சத்தையும் துடைத்து எடுக்கும் யோசனை எப்படியும் ஆகாது. பிஎஃப் போர்ட்டலில் உங்கள் யூஏஎன் (பிஎஃப் உறுப்பினர் எண்) திறந்தால் என்ன காரணம் காட்டுகிறதோ, எவ்வளவு தொகை காட்டுகிறதோ, அதை வைத்து விண்ணப்பியுங்கள்.

முதலில் பழைய கம்பெனி பிஎஃப் கணக்கு புது கம்பெனியின் மெம்பர் ஐடிக்கு மாறிவிட்டதா பாருங்கள். பழைய முதலாளி நீங்கள் விலகிய தேதியைப் போடாமல் விட்டிருந்தால் அங்கேயே சிக்கும். ஆதாரில் இருக்கும் பெயரும் யூஏஎன் பெயரும் இனிஷியல் உட்பட ஒன்றாக இருக்க வேண்டும். நம் ஊரில் பாதி விண்ணப்பம் திரும்புவது இந்த இனிஷியலால்தான். 5 லட்சம் வரையிலான முன்பணம் தானாகவே பைசல் ஆகும்படி 2025 ஜூனில் உயர்த்திவிட்டார்கள். எல்லாம் சரியாக இருந்தால் சில நாளில் வந்துவிடும். சரியாக இல்லாவிட்டால் 60 நாள் ஓடுவதே தெரியாது. அதனால் இன்றே பாருங்கள்.

5 வருடத்துக்கு மேல் சேவை இருப்பதால் வருமான வரி கிடையாது. பாஸ்புக்கில் பென்ஷன் என்று தனிப் பத்தியில் இருக்கும் பணம் உங்கள் 9.4-இல் சேராது, அதைத் தொடவும் வேண்டாம். 10 வருடம் தாண்டியவருக்கு அது 58 வயதில் மாதப் பென்ஷனாக வரும்.

நியூஜெர்சி தமிழன்:
இங்கே அமெரிக்காவில் ஓய்வூதியச் சேமிப்பு 401கே-இல் இருக்கும். நாம் குடியிருக்கும் வீடு பறிபோகாமல் தடுக்க அதிலிருந்து எடுப்பதை நெருக்கடித் தேவையாக ஏற்றுக்கொள்கிறார்கள். ஆனால் 59 அரை வயதுக்குள் எடுத்தால் வருமான வரியோடு இன்னொரு 10 சதவீதமும் போய்விடும். அதனால் விவரம் தெரிந்தவர்கள் எடுப்பதைவிட 401கே-இலிருந்து கடனாக வாங்குவார்கள். சேர்ந்த தொகையில் பாதி அல்லது 50,000 டாலர், எது குறைவோ அதுவரை. நம் கணக்குக்கு நாமே திரும்பக் கட்டுவது. வேலை போனால் அதிலும் சிக்கல். இங்கேயும் பொதுவாக 120 நாள் தவணை தவறிய பிறகுதான் வீட்டை எடுக்கும் நடவடிக்கையே தொடங்கலாம். இந்தியாவில் அப்படித் திரும்பக் கட்டும் வசதி இல்லையா?

பிஎஃப் ஆலோசகர்:
இல்லை. முன்பணம் என்று பெயர்தான், திருப்பிக் கட்ட முடியாது. வேண்டுமானால் தன்விருப்பப் பங்களிப்பாக மாதம் கூடுதலாகப் பிடிக்கச் சொல்லலாம். 32,000 சம்பளத்தில் யார் அதைச் செய்வார்கள்?

கோவை வக்கீல்:
இந்த இழையில் யாரும் சொல்லாத ஒன்று. பிஎஃப் சட்டம் 10-ஆம் பிரிவைப் படியுங்கள். பிஎஃப்பில் கிடக்கும் பணத்தை எந்தக் கடன்காரரும், எந்த நீதிமன்ற ஆணையை வைத்தும் ஜப்தி செய்ய முடியாது. வீடு போனாலும், ஏலத்தொகை போதாமல் மீதிக்கு உங்கள்மேல் வழக்குப் போட்டாலும், அந்த 9.4 லட்சத்தின் மேல் அவர்கள் விரல் வைக்க முடியாது. அதாவது, உங்கள் சொத்தில் கடன்காரருக்கு எட்டாத ஒரே பகுதியை எடுத்து நீங்களாகவே அவர் கையில் கொடுக்கலாமா என்பதுதான் கேள்வி. கொடுக்கலாம், அதனால் வீடு நிச்சயமாக நிற்கும் என்றால். நிற்காது என்றால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

நிற்குமா நிற்காதா என்று தெரிந்துகொள்ள ஒரே கணக்குதான்: நிலுவையைத் தீர்த்த அடுத்த மாதம் 26,100 கட்ட முடியுமா? இரண்டு பேர் சம்பளம் 46,000. தவணை போக 19,900. அதில் நான்கு பேர் சாப்பாடு, ஸ்கூல் பீஸ், கரண்ட், பெட்ரோல். முடியும் என்று மனைவியோடு உட்கார்ந்து எழுதிப் பார்த்து முடிவு செய்தால் பிஎஃப் எடுங்கள்.

முடியாது என்றால் வீட்டை நீங்களே விற்றுவிடுங்கள். ஏலத்தில் போகும் விலை வேறு, நீங்கள் விற்கும் விலை வேறு. 13(2) நோட்டீஸ் வந்த பிறகு கடன் கொடுத்தவரின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் விற்க முடியாது, 13(13) அதைத் தடுக்கிறது. ஆனால் வாங்குபவரைக் காட்டிக் கேட்டால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள், அவர்களுக்கும் ஏலம் தலைவலிதான். வாங்குபவரின் வங்கி உங்கள் கடனை அடைத்துப் பத்திரத்தை எடுக்கும். எம்ஓடி (பத்திரத்தை அடமானம் வைத்ததற்கான ஆவணம்) ரத்து ரசீதைப் பதிவு செய்து வில்லங்கத்தில் ஏற்றிய பிறகு மீதிப் பணம் உங்களுக்கு. படப்பைப் பக்கம் மனைக்கு இப்போது கிராக்கி இருக்கிறது.

தாம்பரத்து அக்கா:
வக்கீல் சார், வீட்டை விற்றுவிடு என்று சொல்வது சுலபம். சொந்த வீட்டிலிருந்து அதே தெருவில் வாடகைக்குப் போவது எப்படி இருக்கும் என்று போய் இருந்து பார்த்தால்தான் தெரியும்.

கோவை வக்கீல்:
அக்கா, ஏலம் போன பிறகு காலி செய்தவர்களையும் பார்த்திருக்கிறேன். அதனால்தான் சொல்கிறேன்.

ஊட்டி ரோடு:
வக்கீல் சார், 60 நாள் முடிந்ததும் நேராக வந்து பூட்டிவிடுவார்களா? டிஆர்டி (கடன் மீட்புத் தீர்ப்பாயம்) போய் ஸ்டே வாங்கலாம் என்கிறார்களே?

கோவை வக்கீல்:
60 நாள் கழித்து 13(4) பிரிவில் வீட்டை எடுக்கும் நடவடிக்கை. முதலில் பெரும்பாலும் சுவரில் நோட்டீஸ் ஒட்டி, இரண்டு நாளிதழில் போட்டு, காகித அளவில் சுவாதீனம் எடுப்பார்கள். ஆள் காலி செய்யாவிட்டால் கலெக்டரிடமோ தலைமை ஜுடிஷியல் மாஜிஸ்திரேட்டிடமோ 14-ஆம் பிரிவில் உத்தரவு வாங்கி வந்து பூட்டுவார்கள். ஏலத்துக்கு முன் 30 நாள் அறிவிப்பு. வெறும் 13(2) நோட்டீஸை எதிர்த்து டிஆர்டி போக முடியாது. 13(4) எடுத்த பிறகு 45 நாளுக்குள் 17-ஆம் பிரிவில் போகலாம். சென்னை, கோவை, மதுரையில் டிஆர்டி இருக்கிறது. ஸ்டே கிடைத்தாலும் "இத்தனை லட்சம் கட்டு" என்ற நிபந்தனையோடுதான் பெரும்பாலும் கிடைக்கும்.

மொத்தக் கடனையும் கட்டி மீட்கும் உரிமை ஏலம் முடியும்வரை இருக்கிறது என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். அது 2016 திருத்தத்தோடு போய்விட்டது. ஏல அறிவிப்பு வெளிவந்த நிமிடமே அந்த உரிமை தீர்ந்தது என்று உச்ச நீதிமன்றம் 2023 செப்டம்பரில் பஃப்னா மோட்டார்ஸ் வழக்கில் சொல்லிவிட்டது. கடைசி நேரத்தில் பிஎஃப் எடுத்து வந்து காப்பாற்றலாம் என்று யாரும் காத்திருக்காதீர்கள்.

கணக்குப்பிள்ளை:
சரி, நிலுவையைக் கட்டுவது புரிகிறது. அதோடு இன்னும் 4 லட்சம் எடுத்து அசலில் போட்டால் என்ன? பாக்கி அசல் 23.3 லட்சம் என்று வைத்தால் அது 19.3 ஆகும். மிச்சமுள்ள 156 மாதத்துக்கு இஎம்ஐ ஏறக்குறைய 21,600-க்கு வரும். மாதம் 4,500 மிச்சம். 19,900-இல் குடும்பம் நடத்துபவருக்கு அது பெரிய காசு. மாறும் வட்டிக் கடனை முன்கூட்டி அடைக்க தனிநபருக்கு அபராதமும் கிடையாது.

ஓய்வுபெற்ற மேலாளர்:
கணக்கு சரிதான், முதலில் சொன்னதைவிட எவ்வளவோ மேல். ஆனால் இதையும் போட்டுப் பாருங்கள். அந்த 4 லட்சம் பிஎஃப்பிலேயே 12 வருடம் 8.25-இல் இருந்தால் 58 வயதில் 10 லட்சத்துக்கு மேல். எது வேண்டும் என்பது அவருடைய வேலை எவ்வளவு உறுதி என்பதைப் பொறுத்தது. என்னைக் கேட்டால், நிலுவைக்கு ஒன்றரை லட்சம், அதற்கு மேல் மூன்று நான்கு தவணைக்கான பணம் தனிக் கணக்கில், அவ்வளவுதான் எடுக்கச் சொல்வேன். அசலில் போட்டுவிட்ட பணம் அடுத்த முறை வேலை போகும்போது தவணை கட்ட உதவாது. இஎம்ஐயைக் குறைத்துத் தாருங்கள் என்று கேட்பது வேறு, முன்கூட்டிக் கட்டிவிட்டுத் தவணை காலத்தைக் குறைப்பது வேறு. எதைச் செய்கிறார்கள் என்று எழுதி வாங்காவிட்டால் அவர்களாகவே காலத்தைக் குறைத்துவிடுவார்கள், மாதத் தவணை அப்படியே இருக்கும்.

கணக்குப்பிள்ளை:
அந்தக் கடைசி விஷயம் எனக்குத் தோன்றவில்லை. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 4 லட்சம் விஷயத்தில் நான் மாறவில்லை.

ஈரோட்டுக்காரி:
குறுக்கே ஒரு கேள்வி. எங்கள் கடன் 15 லட்சம் வாங்கியது, இப்போது பாக்கி ஒன்றரை லட்சத்துக்கு உள்ளேதான். அதற்கும் சர்ஃபேசி என்று மிரட்டுகிறார்கள்.

கோவை வக்கீல்:
அசலும் வட்டியும் சேர்ந்த தொகையில் 20 சதவீதத்துக்குக் கீழே பாக்கி இருந்தால் சர்ஃபேசி சட்டமே பொருந்தாது. 31-ஆம் பிரிவு. அதைக் குறிப்பிட்டு எழுதுங்கள். ஆனால் சாதாரண சிவில் வழக்குப் போட அவர்களுக்கு வழி இருக்கிறது, அதனால் கட்டாமலும் இருந்துவிடாதீர்கள்.

படப்பைவாசி:
கிளைக்குப் போய் வந்தேன். நிலுவை விவரம் எழுத்தில் கொடுக்க முதலில் மாட்டேன் என்றார்கள். 13(3ஏ) கடிதத்தின் நகலைக் காட்டிய பிறகு கிளை மேலாளர் வரச்சொல்லி உட்கார வைத்தார். தவணை 1,30,500, அபராதம் 4,900, வழக்குச் செலவு என்று 6,500. மொத்தம் 1,41,900. வசூல் ஆள் என்னிடம் 2 லட்சம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

மனைவியோடு கணக்குப் போட்டோம். பெரியவனின் டியூஷனை நிறுத்தி, அவள் சாயந்திரம் நாலு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தால் தவணை கட்டலாம். வீட்டை விற்க இப்போது மனமில்லை. பிஎஃப்பில் இரண்டரை லட்சத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்று இருக்கிறேன். பழைய கம்பெனி விலகிய தேதி போட்டிருக்கிறது. ஆதாரில் இனிஷியல் முன்னால், யூஏஎன்னில் பின்னால். ஆலோசகர் சார் சொன்ன அதே சிக்கல்.

பிஎஃப் ஆலோசகர்:
ஆதார் சரிபார்த்த யூஏஎன் என்றால் பெயர்த் திருத்தத்தை நீங்களே போர்ட்டலில் கூட்டு அறிக்கை வழியாகக் கொடுக்கலாம். அதை முடித்துவிட்டு விண்ணப்பியுங்கள், முடியாமல் போட்டால் திரும்பி வரும்.

தாம்பரத்து அக்கா:
திருத்தம் முடிய நாளாகும் போலிருக்கிறது. அதுவரை நகை வையுங்கள் தம்பி. பிஎஃப் வந்ததும் மீட்டுக்கொள்ளலாம். அடுத்த தவணை தேதி வந்துவிட்டால் நிலுவையில் இன்னொரு 26,100 ஏறிவிடுமே.

ஓய்வுபெற்ற மேலாளர்:
அக்கா சொல்வது சரி. கட்டும் அன்று மறுபடி நிலுவைத் தொகையைக் கேட்டு, அந்தத் தேதிக்குள்ள தொகையைக் கட்டுங்கள். பத்து ரூபாய் குறைந்தாலும் கம்ப்யூட்டர் அதை நிலுவையாகத்தான் பார்க்கும். கட்டிய பிறகு இரண்டு தாள் வாங்குங்கள்: கணக்கு ஒழுங்கான கணக்காக மாற்றப்பட்டது என்று ஒன்று, இந்தத் தேதியிட்ட 13(2) நோட்டீஸின் மேல் தொடர் நடவடிக்கை இல்லை என்று ஒன்று. நோட்டீஸ் எண்ணும் தேதியும் அதில் இருக்க வேண்டும். வாய்மொழியாக "எல்லாம் சரியாகிவிட்டது சார்" என்றால் எழுந்து வராதீர்கள்.

படப்பைவாசி:
மனைவியின் வளையல் நாலு பவுன் வைக்கிறோம், நாளைக்குக் கூட்டுறவு வங்கிக்குப் போகிறோம். அப்பாவிடம் பிஎஃப்பில் இரண்டரைதான் எடுக்கிறேன் என்று சொன்னேன். "அந்த இரண்டரையும் ஏன்" என்கிறார்.

நெறியாளர்:
கேள்வி கேட்டவருக்கு வழி கிடைத்துவிட்டாலும் இழையைத் திறந்தே வைக்கிறேன், தாள் வாங்கியதும் வந்து சொல்லுங்கள். ஈரோட்டுக்காரி, உங்கள் கேள்விக்குத் தனி இழை தொடங்குங்கள்.